தனக்குத் தந்த வாக்கு

ஒருவர் மற்றொருவர்க்குத் தரும் வாக்கைப் பற்றி நம் இலக்கியங்கள் நிரம்பப் பேசியுள்ளன. வாக்குக்காகக் காடேகியவன் கதையையும், வாக்குக்காகச் சுடலை காத்தவன் கதையையும் நம் பாட்டிமார் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவன் தனக்குத் தானே தந்துகொள்ளும் வாக்கைப் பற்றி அவ்வளவு பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. அவ்வாக்கிற்குச் சாட்சி இல்லை. அதனை மீறினால் கேட்பாரும் இல்லை. இரவில் படுக்கையில் கிடந்தபடி தந்து, விடியுமுன் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தக்க வாக்கு அது. அத்தகைய வாக்கு ஒருவனை உண்மையில் கட்டுப்படுத்துமா என்னும் வினா, நாற்பத்தேழாம் அகவையில், நான் எதிர்பாராத ஓரிடத்தில் எனக்கு எதிர்ப்பட்டது. அவ்விடம் பாறசாலைக்கு அருகே எங்கள் சிற்றூரைத் தொட்டுச் செல்லும் ஒரு வாய்க்கால் கரை.

இவ்வாண்டு ஆவணித் திங்களில், மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டம் ஒன்றினை வரும் தைத் திங்களில் மும்பையில் ஓடி முடிப்பதென்று நான் தீர்மானித்தேன். பள்ளிப் பருவத்திலும் ஓடியவன் அல்லன் நான். சென்ற ஆண்டு மருத்துவர் ஒருவர் என் குருதியின் சர்க்கரைக் கணக்கைப் பார்த்து, நாளும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடையின் இடையே சிறிது ஓடிப் பார்த்தேன். இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவிலேயே மூச்சு வாங்கியது. பின்னர் அது நான்கு கம்பமாயிற்று. ஆறு திங்களில் ஐந்து கிலோமீட்டராயிற்று. ஆடி மழையில் ஒருநாள் பத்து கிலோமீட்டரும் ஆயிற்று. அவ்வளவில் நின்றிருந்தால் உடல்நலம் பேணுகிறான் என்று ஊரார் மெச்சியிருப்பர். 42.195 கிலோமீட்டர் ஓடப் போகிறேன் என்றதும் மெச்சியவர்களே நெற்றியைச் சுருக்கினார்கள்.

இச்சங்கத்து அன்பர்களுட் பலர் எங்கள் ஊர்ப்பக்கத்தைப் புகைவண்டிச் சன்னல் வழியாகவேனும் கண்டிருப்பீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளம் உடையது. நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளையில் ஆற்றுப்பாலம் தாண்டி, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று வந்தால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கும். மாரத்தானின் தொலைவு இச்சாலையில் மூன்றில் இரு பங்குக்குச் சற்றே குறைவு. புலம்பெயர்ந்து வாழும் நீங்கள் எல்லையைக் கடந்து சென்றவர்கள். எங்கள் பக்கத்துத் தமிழரோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை; 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லைதான் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே வந்து நின்றுகொண்டது. விளவங்கோடு அப்பால் சென்றது. நெய்யாற்றின்கரை இப்பால் நின்றது. அதனால் பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பெண் எடுத்த வீடு மற்றொரு மாநிலத்திலுமாக எங்கள் உறவுகள் அமைந்தன.

நான் ஓடும் கரை நெய்யாற்று இடதுகரைக் கால்வாயின் கிளை ஒன்றினுடையது. எங்கள் வயல்களை நனைத்து, எல்லை தாண்டி விளவங்கோட்டு வயல்களையும் நனைப்பதற்கென வெட்டப்பட்ட கால்வாய் அது. 2004இல் அப்பால் செல்லும் நீர் நின்றுபோயிற்று. அதன் வழக்கு வேறு. இங்கு அது வேண்டா. வண்டிகள் வாராத, இருபுறமும் தென்னையும் இரப்பரும் நிற்கும் மண்கரை என்பதால் ஓடுவதற்கு அதனைத் தெரிந்துகொண்டேன்.

அக்கரையில் ஒரு விடியலில் எதிரே வந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். ஒருகாலத்தில் பனையேறியவர். எண்பதைக் கடந்தும் கால்களில் தளைநார் பதிந்த தழும்பு மாறாதவர். நாளும் முப்பது நாற்பது பனையேறி இறங்கி, காலையும் மாலையும் அக்கானி இறக்கி, அதைக் காய்ச்சிய கருப்பட்டியில் ஐந்து மக்களை வளர்த்தவர்.

"யாருக்கு வேண்டி ஓடுக, மக்களே?" என்று கேட்டார்.

"சும்மாதான் பாட்டா" என்றேன்.

"சும்மா யாராவது ஓடுவினுமா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. அன்று மீதி ஓட்டம் முழுதும் அவர் வினா என்னோடு ஓடி வந்தது.

எண்ணிப் பார்த்தால், எங்கள் மண்ணில் ஓடியவர் எவரும் சும்மா ஓடியதில்லை. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலருகே உள்ள பலாமரத்தைக் காட்டி, பகைவர்க்கு அஞ்சி ஓடிவந்த இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்று சொல்வார்கள். அவர் ஓடியது உயிருக்காக. திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமாக அஞ்சல் ஏற்பாடு ஒன்று இருந்தது. 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அதன் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலைக் கையிலேந்தி, ஓசை கேட்டோர் வழிவிட, பையைச் சுமந்து ஓடினார்கள். அவர்கள் ஓடியது கூலிக்காக, ஊரார் கடிதத்துக்காகவும்தான். கடற்கரையிலிருந்து மீன்கூடையைத் தலையில் ஏற்றி, மீன் கெடுமுன் சந்தை சேரவேண்டுமென்று நடையும் ஓட்டமுமாக வந்த பெண்களைச் சிறுவயதில் நானே கண்டிருக்கிறேன். பாட்டா தம் வாழ்நாளில் ஏறிய பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இமயமலை என்னாகும் என்று எனக்கு ஓர் எண்ணம் வரும். வயிறு நிறைந்த ஒருவன், விலையுயர்ந்த காலணி பூட்டிக்கொண்டு, சர்க்கரையை எரிப்பதற்காக ஓடுவதைக் காணும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நாணமாகத்தான் இருந்தது எனக்கு.

ஆனால் கூலியும் இன்றி, அச்சமும் இன்றி, மாரத்தானை விட நெடுந்தொலைவு ஓடும் கூட்டம் ஒன்று எங்களருகே ஆண்டுதோறும் உண்டு. மாசித் திங்கள் சிவராத்திரியை ஒட்டி நிகழும் சிவாலய ஓட்டத்தைச் சொல்கிறேன். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடியும் ஓட்டம் அது. பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களுக்குள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை புறப்பட்டு, காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈர உடையோடு தொழுது, "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கிக்கொண்டு ஓடுவார்கள். எல்லைக்கு இப்பாலிருந்தும் பலர் சென்று ஓடுவதுண்டு. சிவன் கோயிலை நோக்கி ஓடுவோர் திருமாலின் பெயரை முழங்குவானேன் என்று வெளியூரார் வியப்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு.

தருமர் செய்யும் வேள்விக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டுமென்று கண்ணன் வீமனை அனுப்புகிறான். அந்த மிருகம் சிவன்பால் பேரன்புடையது. திருமாலின் பெயரைக் கேட்கவும் பொறாதது. கண்ணன் வீமன் கையில் பன்னிரண்டு உருத்திராக்கங்களைத் தருகிறான். வீமன் திருமாலின் பெயரை முழங்கிக்கொண்டு நெருங்க, மிருகம் சினந்து துரத்துகிறது. அகப்படும் தறுவாயில் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே இடுகிறான், அது இலிங்கமாகிறது. மிருகம் நின்று வழிபடுகிறது, வீமன் ஓடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் வீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள்ளும் மறுகால் எல்லைக்கு வெளியிலுமாக இருக்கும்போது மிருகம் அவனைப் பற்றுகிறது. வழக்கு தருமரிடம் செல்கிறது. தம்பி என்று பாராமல், உடலிற் பாதி மிருகத்துக்கு உரியது என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். சிவனும் திருமாலும் ஒன்றே என்று மிருகத்துக்கு உணர்த்துவதோடு கதை முடிகிறது. ஒருகால் உள்ளும் ஒருகால் வெளியுமாக நிற்பவன் கதை எல்லையூர்க்காரர்களாகிய எங்களுக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும்.

இந்த மாசியில் ஓடியவர்களைச் சாலையோரம் நின்று பார்த்தேன். கால் வெடித்து நடந்தவர்களும் உண்டு. அவர்களுள் எவரையும் யாருக்காக ஓடுகிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. அவர்களுடையது நேர்ச்சை. நேர்ந்துகொண்டவன் ஒருபுறம்; பெற்றுக்கொண்டவன் மறுபுறம். நடுவழியில் கைவிட்டால் ஊரார் அறியாவிட்டாலும் அவன் அறிவான் என்ற நினைப்பு ஒன்று காலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்கு அவ்வாறு யார் இருக்கிறார்?

மாரத்தானுக்கும் ஒரு பழங்கதை உண்டு. கிரேக்கத்தில் கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியிற் பெற்ற வெற்றிச் செய்தியை ஏதென்சு நகருக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு வீரன் ஒருவன் உயிர்விட்டான் என்பார்கள். போருக்கு ஓரிரு தலைமுறைக்குள் வரலாறு எழுதிய எரோடோட்டசு இதனைச் சொல்லவில்லை. துணை கேட்டு ஏதென்சிலிருந்து இசுபார்ட்டாவுக்கு ஓடிய தூதனையே அவர் குறிப்பிடுகிறார். உயிர்விட்ட கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுதியவர்களிடம் வளர்ந்தது. எவ்வாறாயினும் அவன் தோளில் ஒரு செய்தி இருந்தது. 1896இல் ஏதென்சில் ஒலிம்பிக் போட்டி மீண்டும் தொடங்கியபோது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் வென்ற இசுபிரிடான் லூயி தண்ணீர் சுமந்து விற்றவர் என்று படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பாட்டாவின் இனம் அவர். பின்னர் 1908இல் இலண்டன் போட்டியில், விண்ட்சர் அரண்மனையிலிருந்து அரங்கத்து அரச இருக்கைமுன் வரை என்று வழியை அமைத்ததில் தொலைவு 42.195 கிலோமீட்டராயிற்று. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. ஆகவே, இந்த எண்ணில் எந்தப் புனிதமும் இல்லை. அரச குடும்பத்தார் வசதிக்காக நேர்ந்த ஓர் அளவுக்காக நான் இஞ்சிவிளையில் வியர்வை சிந்துகிறேன்!

நேரும் தெய்வமும் இல்லை, கூலியும் இல்லை, கொண்டு செல்லச் செய்தியும் இல்லை. தொலைவோ தற்செயலாய் அமைந்தது. இந்நிலையில் நான் எனக்குத் தந்த வாக்கு என்னைக் கட்டுமா?

கட்டாது என்று தெளிவாகச் சொன்னவர் தாமசு ஆப்சு என்னும் ஆங்கிலச் சிந்தனையாளர். 1651இல் வெளிவந்த இலெவயதன் என்னும் நூலில், அரசன் தான் வகுத்த சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டவனா என்று ஆராயுமிடத்தில் இதனைச் சொல்கிறார். கட்டும் உரிமை யாரிடமோ அவிழ்க்கும் உரிமையும் அவரிடமே. எனவே தனக்குத் தானே கட்டுண்டவன் கட்டுண்டவனே ஆகான் என்பது அவர் வாதத்தின் பொருள். கடன் கொடுத்தவனும் நானே, வாங்கியவனும் நானே என்றால், மழை பெய்யும் ஒரு காலையில் 'போகட்டும், தள்ளுபடி' என்று நானே சொல்லிக்கொள்ளலாம். இதே முடிச்சை 1797இல் செருமானிய அறிஞர் காண்டும் எடுத்துக்கொண்டார். தனக்குத் தான் ஆற்றும் கடமை என்பதில் முரண்பாடு தோன்றுவதை ஒப்புக்கொண்டு, மனிதன் ஒருவனாகத் தோன்றினும் இரு நிலையில் இருக்கிறான் என்று காட்டி அதனை அவிழ்க்கிறார். புலன்வழிப்பட்ட உயிராகவும் அறிவுவழி நிற்கும் உயிராகவும் அவன் இருக்கிறான். பின்னவன் முன்னவனைக் கட்டுகிறான்.

நூலில் படித்தபோது இது எனக்குப் பிடிபடவில்லை. காலை நாலரை மணிக்குப் பிடிபட்டது. மாலையில் தீர்மானிப்பவன் ஒருவன். காலையில் எழவேண்டியவன் வேறொருவன். முன்னவன் சோறுண்டு, விளக்கடியில் அமர்ந்து, நாட்காட்டியில் '14 கிலோமீட்டர்' என்று அழகாக எழுதுகிறான். எழுதுவதில் அவனுக்கு ஒரு செலவும் இல்லை. பின்னவனுக்குக் குதிகால் வலிக்கிறது. வெளியே ஐப்பசி மழை. வாய்க்கால் கரையில் நாய்கள். பின்னவன் பெரிய வழக்கறிஞன். 'இன்று ஒருநாள்தானே' என்பதில் தொடங்கி, 'உடலை வருத்துவது பாவம்' என்பது வரை அவன் எடுத்துரைக்கும் வாதங்களைக் கேட்டால் தருமரே திகைப்பார். என் உடலிலும் பாதி ஒருவனுக்கு, பாதி மற்றவனுக்கு என்றுதான் தீர்ப்பு வரும்.

பயிற்சி என்பது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இருபது வாரக் கணக்கு அது. வாரத்தில் மூன்று நாள் சிறிய ஓட்டம். பேசிக்கொண்டே ஓடத்தக்க மெதுவான ஓட்டம். ஞாயிறன்று நீண்ட ஓட்டம். அது 12 கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராக ஏறும். சில வாரங்களுக்கொரு முறை இளைப்பாறச் சற்றே இறங்கும். பதினேழாம் வாரம் 32ஐத் தொட்டபின் கடைசி மூன்று வாரங்களும் குறைந்துகொண்டே வரும். முழுத் தொலைவைப் பயிற்சியில் ஒருமுறைகூட ஓடுவதில்லை என்பது புதியவனாகிய எனக்கு வியப்பளித்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டரைத் தீர்மானிக்க எவராலும் இயலாது போலும். நாளைக் காலை ஆறு கிலோமீட்டரை வேண்டுமானால் தீர்மானிக்கலாம். பெரிய வாக்கைச் சில்லறையாக மாற்றி நாளும் செலுத்துவதற்கு வகை செய்ததே பயிற்சி.

ஆயினும் சில்லறையாகவும் செலுத்தாமற்போன வாக்கு ஒன்று என்னிடம் உண்டு. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மகள் பிறந்தபோது, அவளுக்குத் தமிழெழுத்தை நானே வீட்டில் கற்பிப்பேன் என்று உறுதி பூண்டேன். அருகிலிருந்த பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும்தான். நான் தமிழ்வழியிற் படித்தவன்; என் தந்தையாரும் அவ்வாறே. எனவே இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டாம் வகுப்பு முடியட்டும் என்றேன். பின்பு, மலையாள எழுத்து கையில் நிலைக்கட்டும், குழப்பமாகிவிடும் என்றேன். திருவனந்தபுரத்து அலுவலகத்திலிருந்து வண்டியேறி வீடு வந்து சேர ஏழரை ஆகிறது என்றேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணமே. அவ்வாக்கை நான் ஒருநாளும் முறித்ததில்லை. எந்த நாளில் அது இறந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்று அவள் வீட்டில் பேசுவது அழகிய தமிழ். இம்மலர் அச்சாகி வீட்டுக்கு வரும்போது அட்டைப்படத்தைப் பார்ப்பாள்; அப்பா எழுதியது எந்தப் பக்கம் என்று கேட்பாள்; நான் விரல் வைத்துக் காட்டவேண்டும்.

வேற்றூர்களில் குடியேறி வாழும் உங்களுட் சிலருக்கு இது புதிய கதையன்று என்று எண்ணுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றிய வாக்கை மூன்று திங்களாகக் காத்துவரும் நான், தமிழைப் பற்றிய வாக்கை ஏன் காக்கவில்லை? ஓட்டத்தின்மீது எனக்குப் பற்று மிகுதி, தமிழின்மீது குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் நம்பமாட்டேன். இதைப் பல ஞாயிறுகள் ஓடியபடியே எண்ணிப் பார்த்தேன். நீண்ட ஓட்டத்தில் எண்ணுவதற்கு நேரம் உண்டு.

ஓட்ட வாக்கில் கடன்காரன் நான் மட்டும் அல்லேன் என்பதே எனக்குத் தோன்றிய விடை. உடலும் ஒரு கடன்காரன். அதனிடம் வாய்ச்சொல் செல்லாது. உடல் சேர்த்துவைத்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும் என்றும், அதன்பின் கால்கள் கல்லாகும் என்றும், அதனை ஓடுவோர் சுவர் என்று வழங்குவர் என்றும் படித்தேன். நான் எழாத காலைகளை எல்லாம் அச்சுவரின்முன் உடல் ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டும். நானே எனக்குத் தள்ளுபடி செய்துகொண்டாலும் அது செய்யாது. ஆப்சு சொன்ன வாதம் என் மனத்தளவில் சரி. என் முழங்காலளவில் சரியன்று.

தமிழ் வாக்கில் கடன் பெறவேண்டியவள் என் மகள். தனக்கு அப்படியொரு கடன் வரவேண்டியிருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? கேளாத கடனை, நான் எனக்கே தந்த வாக்கு என்று பெயரிட்டு, நானே வைத்து, நானே மன்னித்துக்கொண்டேன். தனக்குத் தந்த வாக்கு என்று நாம் சொல்லிக்கொள்பவற்றுட் பெரும்பாலானவை அறியாத வேறொருவர்க்குத் தந்தவையாக இருக்கும் போலும். குடியை விடுவேன் என்று மனத்துள் சொல்லிக்கொள்பவன், அதனைத் தன் மனைவிக்குச் சொல்லவில்லை என்பதனாலேயே அது அவளுக்குரிய வாக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

இவ்வாறு எண்ணத் தொடங்கியபின் என் ஓட்டத்தின் மறுபக்கமும் கண்ணிற் பட்டது. வள்ளுவர் வினைத்திட்பத்தைச் சொல்வதற்கு முன்னரே வினைத்தூய்மையைச் சொல்லிவிட்டார். செய்யும் வகை அதற்கும் பின்னர்தான். செயல் தூயதா என்று கேட்டபின்பே அதில் உறுதி வேண்டும் என்பது அவ்வைப்புமுறையின் குறிப்பு என்று கொள்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மூன்று மணி நேரம். அதன்பின் நான் ஒரு மணி நேரம் எதற்கும் ஆகாதவன். அந்த நான்கு மணி நேரத்து வீட்டுவேலை என் மனைவியின் தலையில் விழுகிறது. என் உறுதிக்கு அவள் கூலி கொடுக்கிறாள். அதுமட்டும் அன்று. விடியுமுன் நாலரை மணிக்கு அவள் அந்த வாய்க்கால் கரையில் தனியே ஓட முடியுமா? நான் கேட்டேன். அவள் சிரித்தாள். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் 1984இல்தான் வைத்தார்கள்; எங்கள் கரைக்கு அந்த ஆண்டு இன்னும் வரவில்லை. இப்போது சனிக்கிழமை மாலைகளில், வெளிச்சம் இருக்கும்போதே, அவளும் நானும் நடக்கிறோம். அந்நாளின் சமையலும் என்னுடையது. இது ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் இடையிலுள்ள கோடும் மெல்லியது. ஆறாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி கண்டது. ஓடினேன். வலி ஏறியது. மறுநாளும் ஓடினேன், வாக்கு அன்றோ! மூன்றாம் நாள் படியிறங்க முடியவில்லை. ஒன்பது நாள் ஓய்வு என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒன்பது நாளில் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். விடுதலை கேட்பவன் காலை நாலரை மணிக்காரன் ஆனால் கொடுப்பதில்லை. முந்தின மாலையே விளக்கடியில் அமர்ந்து, காலைத் தடவிப் பார்த்து, நாளை வேண்டா என்று முடிவு செய்பவன் கேட்டால் கொடுப்பது. இதுவரை இது உதவியிருக்கிறது.

நிறுத்தத் தெரிவதும் ஓடத் தெரிவதன் பகுதியே என்பதற்குப் பௌஜா சிங்கை நினைக்கிறேன். பஞ்சாபிலிருந்து முதுமையில் இங்கிலாந்து சென்று வாழ்ந்த அவர், மனைவியையும் மகனையும் இழந்த துயரிலிருந்து மீள ஓடத் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் இலண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். அப்போது அவர்க்கு வயது 89 என்பர். 2011இல் டொராண்டோவில் நூறு வயதினராக ஓடி முடித்தார். பிறப்புச் சான்று இல்லாததால் சாதனைப் புத்தகத்தார் அதனை ஏற்கவில்லை. அவர் அதற்காக ஓடியவராகவும் தெரியவில்லை. 2013இல் ஆங்காங்கில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தோடு போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். 2025இல் தம் பிறந்த ஊர் அருகே சாலையில் வண்டி மோதி மறைந்தார். நம் நாட்டு ஓட்டக்காரருள் சிவநாத் சிங் 1978இல் சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடியது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் நின்றது. அவரோ பெரும்பாலும் வெறுங்காலில் ஓடியவர். நான் ஆறு மணி நேரத்தில் முடித்தால் போதும் என்றிருக்கிறேன்.

சென்ற வாரம் பாட்டாவை மீண்டும் கண்டேன். இம்முறை நானே நின்றேன். யாருக்கு வேண்டி ஓடுகிறேன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றேன். அவர் என் காலணியைக் குனிந்து பார்த்தார். தாம் பனையேறிய நாட்களில், கடைசிப் பனையில் ஏறியபின், தேவை இல்லாமலே சிறிது நேரம் உச்சியில் இருந்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று சொன்னார். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியுமாம். "அது யாருக்கு வேண்டி, பாட்டா?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லாமல் நடந்தார்.

வீட்டில் நாட்காட்டி சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அதில் ஓடிய தொலைவை நான் தமிழில் எழுதி வைக்கிறேன். 'ஓய்வு', 'மழை', 'வலி இல்லை' என்பன போல. ஒருநாள் மகள், அடிக்கடி வரும் இந்தச் சொல் என்ன என்று கேட்டாள். 'ஓய்வு' என்று படித்துக் காட்டினேன். "ஓய்வு இவ்வளவு அதிகமா வருதே அப்பா" என்றாள். அவளுக்கும் வாரக்கணக்கு ஒன்று போடலாமே, வாரத்துக்கு நான்கு எழுத்து என்றாலும் கோடைக்குள் முடிந்துவிடும் என்று என் மனைவி அடுப்பருகே இருந்து சொன்னாள். சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. மகளிடம் முதலிற் கேட்கவேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவளுடைய விருப்பம் என்று ஒன்று உண்டு. கேட்பதற்கு முன், அவளுக்கு நான் எதைத் தரவேண்டியிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சொல்வது பத்து கிலோமீட்டரை விடக் கடினமாக இருக்கிறது.

இது பதின்மூன்றாம் வாரம். நாளை ஞாயிறு, 26 கிலோமீட்டர். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சென்று திரும்பிவந்து, மீதிக்குக் களியக்காவிளைப் பக்கம் சிறிது ஓடவேண்டியிருக்கும். எல்லையில் உள்ள தேநீர்க் கடை ஐந்தரைக்குத் திறக்கும். தண்ணீர்க் குப்பியை நிரப்பி வைத்துவிட்டேன்.